பூட்டின் விலை



கடைத்தெருவில் அரிசி வாங்கப் போகிறவர், வணிகர் தராசுத் தட்டில் வைக்கும் எடைக்கல்லைத் தாமே நிறுத்துப் பார்ப்பதில்லை. அதன்மேல் அரசாங்க முத்திரை இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறார். முத்திரை இருந்தால் கல் சரியானது என்று கொள்கிறார். முன்பின் அறியாத இருவர் கொடுக்கல் வாங்கல் செய்ய வேண்டுமானால், இருவரும் நம்பும் மூன்றாமவர் ஒருவர் நடுவே நிற்க வேண்டும் என்பது வாணிகத்தின் பழைய பாடம். அந்தப் பழைய பாடம் இணையத்துக்குள் எவ்வாறு புகுந்தது, புகுந்த இடத்தில் என்ன விலைக்கு விற்கப்பட்டது, அந்த விலை எவ்வாறு வீழ்ந்தது என்பவற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இணையதளம் ஒன்றைத் திறக்கும்போது அதன் முகவரி 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடங்குவதைக் கண்டிருப்பீர்கள். நெடுங்காலம் உலாவிகள் அதன் அருகே ஒரு சிறு பூட்டின் படத்தையும் காட்டிவந்தன. அந்தப் பூட்டுக்குப் பின்னால் பாதுகாப்புச் சான்றிதழ் என்ற ஒன்று இருக்கிறது. பள்ளிக்கோ, சங்கத்துக்கோ, சிறு கடைக்கோ இணையதளம் அமைக்கும் எவரும் எதிர்கொள்ளும் கேள்வி, இந்தச் சான்றிதழை எங்கே பெறுவது, அதற்கு எவ்வளவு கொடுப்பது என்பது. விலைப்பட்டியலைப் பார்த்தால் ஒன்று இலவசம் என்கிறது. மற்றொன்று ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்றே. இந்த வேற்றுமை ஏன் வந்தது என்பதை வரலாறு அறிந்தவரே விளங்கிக்கொள்ள முடியும்.

முதலில், சான்றிதழ் என்பது எதற்காகத் தோன்றியது என்று காண்போம். இணையத்தில் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் செய்தி, பல கைகள் மாறிச் செல்லும் அஞ்சலட்டையைப் போன்றது. இடையில் உள்ள எவரும் அதைப் படிக்கலாம், மாற்றியும் எழுதலாம். மறைமொழியில் எழுதினால் பிறர் படிக்க முடியாது என்பது பண்டைக்காலம் முதல் அறிந்ததே. ஆனால் மறைமொழியின் திறவுகோலை எதிராளிக்கு முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். ஒருவரையொருவர் பார்த்தே அறியாத கோடிக்கணக்கான மக்கள் எப்படித் திறவுகோலைக் கொடுத்துக்கொள்வார்கள்?

இந்த முடிச்சை 1976-ஆம் ஆண்டில் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் அவிழ்த்தார்கள். திறவுகோல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, இரண்டாக இருக்கலாம் என்பது அவர்கள் கண்ட நெறி. ஒன்றை ஊரறிய வெளியிடலாம். மற்றொன்றைத் தம்மிடமே மறைத்து வைத்துக்கொள்ளலாம். பொதுத் திறவுகோலால் பூட்டியதைத் தனித் திறவுகோலால் மட்டுமே திறக்க முடியும். அடுத்த ஆண்டே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் என்ற மூவர், பகா எண்களைக் கொண்டு இதை நடைமுறைப்படுத்தும் வழியைக் கண்டார்கள். மூவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதனை ஆர்.எஸ்.ஏ. என்று வழங்குகிறோம். பிரிட்டிஷ் உளவு நிறுவனத்தில் பணியாற்றிய கிளிஃபோர்டு காக்ஸ் என்பவர் 1973-லேயே இத்தகைய முறையைக் கண்டிருந்தார் என்பதும், அது 1997 வரையில் வெளியுலகுக்குத் தெரியாமலே இருந்தது என்பதும் சுவையான செய்திகள்.

ஆனால் ஒரு முடிச்சு அவிழ்ந்தவுடன் மற்றொன்று தோன்றியது. 'இது இன்ன வங்கியின் பொதுத் திறவுகோல்' என்று ஒருவர் நீட்டினால், அது அந்த வங்கியினுடையதுதான் என்று எப்படி அறிவது? இடையில் நிற்கும் வஞ்சகன் ஒருவன் தன் திறவுகோலை நீட்டி, அதை வங்கியின் திறவுகோல் என்று சொல்லலாம் அல்லவா? மறைமொழி எவ்வளவு வலியதாக இருந்தாலும், யாரோடு பேசுகிறோம் என்பது தெரியாவிட்டால் பயன் இல்லை. திருடனோடு இரகசியமாகப் பேசுவதில் என்ன காப்பு இருக்கிறது?

இதற்கு விடை கூறியவர் ஒரு மாணவர் என்பதை நீங்கள் மகிழ்ச்சியோடு கேட்க வேண்டும். 1978-இல் லோரன் கோன்ஃபெல்டர் என்பவர், மாசசூசெட்ஸ் கழகத்தில் இளநிலைப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேட்டில், சான்றிதழ் என்னும் கருத்தை முன்வைத்தார். நம்பத்தக்க ஒருவர், 'இந்தத் திறவுகோல் இன்னாருடையது' என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டால், அந்த ஏட்டை எவரும் எங்கும் காட்டலாம். ஒவ்வொரு முறையும் சான்று சொன்னவரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டுவதில்லை. 1988-இல் இதற்கு எக்ஸ்.509 என்ற பெயரில் பன்னாட்டு இலக்கணமும் வகுக்கப்பட்டது. இன்று நாம் காணும் சான்றிதழ்கள் யாவும் அந்த இலக்கணத்தின் வழிவந்தவையே.

இதுவரை நடந்தது அறிஞர்களின் வேலை. இனி வணிகர்களின் வேலை தொடங்குகிறது.

1995-இல் நெட்ஸ்கேப் என்ற நிறுவனம் தன் உலாவியில் எஸ்.எஸ்.எல். என்ற பாதுகாப்பு நெறிமுறையைச் சேர்த்து வெளியிட்டது. மக்கள் கடன் அட்டை எண்ணை அச்சமின்றி எழுதி இணையத்தில் பொருள் வாங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். யார் கையொப்பமிட்ட சான்றிதழை நம்புவது என்ற பட்டியலும் உலாவிக்குள்ளேயே வைக்கப்பட்டது. இந்தப் பட்டியலில் இடம் பெற்ற நிறுவனத்தின் கையொப்பம் செல்லும். இடம் பெறாதவருடைய கையொப்பம் செல்லாது. அதே 1995-இல் வெரிசைன் என்ற நிறுவனம் இத்தொழிலுக்கென்றே தோன்றியது. ஒரு சான்றிதழுக்கு ஆண்டொன்றுக்குச் சில நூறு டாலர்கள் என்ற அளவில் கட்டணம் அமைந்தது.

இத்தொழிலில் எவ்வளவு செல்வம் புரண்டது என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மார்க் ஷட்டில்வொர்த் என்ற இளைஞர் 1995-இல் தாட் என்ற சான்றளிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். நான்கே ஆண்டுகளில், 1999 டிசம்பரில், அதனை வெரிசைன் நிறுவனம் ஏறக்குறைய 57 கோடியே 50 லட்சம் டாலர் மதிப்பில் வாங்கிக்கொண்டது. அவர் 2002-இல் தம் சொந்தச் செலவில் விண்வெளிக்கே சென்று வந்தார். பின்னர் 2004-இல் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை உலகுக்கு அளித்தவரும் அவரே.

வங்கிகளுக்கும் பெருங்கடைகளுக்கும் சில நூறு டாலர்கள் ஒரு பொருட்டல்ல. ஆனால் ஒரு நூலகத்துக்கு? ஒரு கிராமப் பள்ளிக்கு? நோயாளிகள் தங்கள் துயரத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு சிறு சங்கத்துக்கு? கட்டணம் மட்டுமன்று, வேறொரு செலவும் இருந்தது. அந்நாளைய நெறிமுறைப்படி, பாதுகாப்புள்ள ஒவ்வொரு தளத்துக்கும் பெரும்பாலும் தனித்தனி ஐ.பி. முகவரி வேண்டியிருந்தது. ஒரே சர்வரில் ஐம்பது சிறு தளங்கள் குடியிருந்தால், வந்தவர் எந்தத் தளத்தைத் தேடி வந்தார் என்று சான்றிதழைக் காட்டுவதற்கு முன் அறிய வழியில்லை. 2003-இல் இதற்கு ஒரு திருத்தம் வகுக்கப்பட்டது. எனினும் பழைய கணிப்பொறிகள் மறைந்து அது எங்கும் பயன்படப் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே இணையத்தின் பெரும்பகுதி பூட்டில்லாத வீடாகவே கிடந்தது.

இங்கே சான்றிதழ்களின் வகைகளைச் சொல்லிவிட வேண்டும். விலை வேற்றுமைக்கு இதுவே முதற் காரணம். முதல் வகை, முகவரிச் சான்று. 'இந்த இணைய முகவரி இவர் ஆளுகையில் இருக்கிறது' என்பதை மட்டும் அது கூறும். இரண்டாம் வகை, நிறுவனச் சான்று. அந்த நிறுவனம் உண்மையில் இருக்கிறதா என்று பதிவேடுகளைப் பார்த்து அதன் பெயரையும் சேர்த்து எழுதும். மூன்றாம் வகை, 2007-இல் இலக்கணம் வகுக்கப்பெற்ற விரிநிலைச் சான்று. அதில் விசாரணை இன்னும் கடுமை; விலையும் மிகுதி. அதை வாங்கிய தளத்தின் பெயரை உலாவிகள் பச்சை நிறத்தில் காட்டிச் சிறப்பித்தன.

மாணவர்கள் ஒன்றைக் கருத்தில் வைக்க வேண்டும். இம்மூன்றிலும் மறைமொழியின் வலிமை ஒன்றே. செய்தியை எவ்வளவு வலிமையாகப் பூட்டுவது என்பதைச் சர்வரும் உலாவியும் தமக்குள் பேசி முடிவு செய்கின்றன. சான்றிதழின் விலை அதை முடிவு செய்வதில்லை. விலையுயர்ந்த சான்றிதழில் கூடுதலாக இருப்பது விசாரணையே அன்றிப் பூட்டின் உறுதி அன்று. விளம்பரங்கள் இந்த வேற்றுமையைத் தெளிவாகச் சொல்வதில்லை.

பூட்டில்லாத நிலையின் கேடு 2010-இல் எல்லாருக்கும் விளங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் எரிக் பட்லர் என்ற அமெரிக்கர் 'ஃபயர்ஷீப்' என்னும் சிறு மென்பொருளை வெளியிட்டார். சிற்றுண்டிச்சாலையின் பொது வைஃபையில் அமர்ந்து, பக்கத்து மேசையில் இருப்பவரின் கணக்குக்குள் ஓரிரு சொடுக்கில் நுழைந்துவிடலாம் என்பதை அது காட்டிற்று. நுழைவுச் சொல்லை எழுதும் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு மற்றப் பக்கங்களைத் திறந்து வைத்திருந்த பெரிய தளங்களின் அலட்சியம் அம்பலமாயிற்று. 2013-இல் எட்வர்டு ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், அரசுகளே இணையப் போக்குவரத்தைப் பெருமளவில் திரட்டிவந்ததைக் காட்டின. இனி ஒவ்வொரு பக்கத்தையும் பூட்டியே ஆக வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

இதற்கிடையில், விலை கொடுத்தால் நம்பிக்கை கிடைக்கும் என்ற கொள்கைக்கும் ஒரு பேரிடி விழுந்தது. நெதர்லாந்து நாட்டில் டிஜிநோட்டார் என்ற சான்றளிக்கும் நிறுவனம் இருந்தது. அந்நாட்டு அரசாங்கத் தளங்களே அதன் சான்றிதழைப் பயன்படுத்தின. 2011-இல் அதன் கணிப்பொறிகளுக்குள் ஊடுருவிய ஒருவர், 500-க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை அதன் கையொப்பத்துடனேயே உண்டாக்கினார். கூகுளின் பெயரில் எழுந்த போலிச் சான்றிதழ் ஈரான் நாட்டு மக்களின் மின்னஞ்சலை ஒற்றறியப் பயன்பட்டது. ஏறக்குறைய மூன்று லட்சம் முகவரிகள் அதற்கு இலக்காயின என்று பின்னர் விசாரித்தவர்கள் கணக்கிட்டனர். உலாவிகள் டிஜிநோட்டாரைத் தங்கள் பட்டியலிலிருந்து நீக்கின. அவ்வாண்டு செப்டம்பரிலேயே அந்நிறுவனம் நொடித்துப்போயிற்று. நம் நாடும் இதற்கு விலக்கு அன்று. 2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவு கூகுள் முகவரிகளுக்கு உரிமையில்லாத சான்றிதழ்களை வழங்கியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, அவை செல்லாதனவாக்கப்பட்டன.

இந்நிகழ்ச்சிகளின் கருத்தை ஊன்றிப் பாருங்கள். உங்கள் தளத்துக்கு எவ்வளவு விலையுயர்ந்த சான்றிதழ் வாங்கியிருந்தாலும், பட்டியலில் உள்ள வேறொரு நிறுவனம் தவறினால் உங்கள் பெயரில் போலி எழலாம். சங்கிலியின் மிக மெலிந்த கண்ணியே அதன் வலிமை. அதனால்தான், வழங்கப்படும் சான்றிதழ்களையெல்லாம் எவரும் பார்க்கத்தக்க பொதுப் பேரேட்டில் பதிய வேண்டும் என்ற ஏற்பாடு 2013-இல் வகுக்கப்பட்டது. 2018 முதல் குரோம் உலாவி, புதிதாக வழங்கப்படும் எல்லாச் சான்றிதழ்களுக்கும் அதைக் கட்டாயமாக்கிற்று. நம்பிக்கையைக் காத்தது கட்டணம் அன்று. ஊரறியச் செய்த கணக்கே காத்தது.

விலையைக் குறைக்க முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. இஸ்ரேலைச் சேர்ந்த ஸ்டார்ட்காம் என்ற நிறுவனம் இலவசமாகச் சான்றிதழ் அளித்துவந்தது. ஆனால் 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரும் பழுது ஒன்று வெளிப்பட்டது. தளங்களின் தனித் திறவுகோல்களே கசிந்திருக்கக்கூடும் என்ற நிலையில், பழைய சான்றிதழை நீக்கிப் புதியது பெறுவது இன்றியமையாததாயிற்று. பெறுவதற்குக் கட்டணம் இல்லை. நீக்குவதற்கோ 25 டாலர் அளவில் கட்டணம் இருந்தது. நுழைவுக்குக் காசு வேண்டாம், வெளியேறத்தான் காசு என்ற கதை இது. 2016-இல் ஸ்டார்ட்காமும் அதை வாங்கியிருந்த சீன நிறுவனமும் முறைகேடுகளுக்காக உலாவிகளின் நம்பிக்கையை இழந்தன. இலவசம் என்ற சொல்லைக் கேட்டவுடன், யாருக்கு இலவசம், எதுவரையில் இலவசம் என்று கேட்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கற்பது.

இப்பொழுது வரலாற்றின் திருப்பத்துக்கு வருகிறோம். மோசில்லா நிறுவனத்தைச் சேர்ந்த ஜாஷ் ஆஸ், எரிக் ரெஸ்கோர்லா ஆகியோரும், மின்னணு உரிமைகளுக்காகப் பாடுபடும் எலெக்ட்ரானிக் ஃபிராண்டியர் அறக்கட்டளையைச் சேர்ந்த பீட்டர் எக்கர்ஸ்லியும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் ஹால்டர்மனும் ஒரே எண்ணத்தில் ஒன்றுகூடினார்கள். இலாப நோக்கமற்ற ஒரு சான்றளிக்கும் நிறுவனத்தை அமைத்து, எல்லாருக்கும் இலவசமாகச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்பது அவ்வெண்ணம். 2014 நவம்பரில் 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற பெயரில் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2015 செப்டம்பரில் முதற் சான்றிதழ் பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. 2020 பிப்ரவரியில் நூறு கோடியாவது சான்றிதழ் வழங்கப்பட்டது.

இலவசமாகக் கொடுக்க எப்படி முடிந்தது? முகவரிச் சான்றுக்கு மனித விசாரணை வேண்டியதில்லை என்பதை அவர்கள் கண்டார்கள். உங்கள் சர்வரில் இயங்கும் ஒரு சிறு நிரல், 'இந்த முகவரி என்னுடையது' என்று விண்ணப்பிக்கிறது. 'அப்படியானால் இந்த எண்ணை உன் தளத்தில் இன்ன இடத்தில் வைத்துக் காட்டு' என்று நிறுவனத்தின் பொறி கேட்கிறது. வைத்தவுடன் அது வந்து பார்க்கிறது. சான்றிதழைக் கையொப்பமிட்டுத் தருகிறது. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இந்த உரையாடலுக்கு ஏ.சி.எம்.இ. என்று பெயர், 2019-இல் இது பொது இலக்கணமாக ஏற்கப்பட்டது.

2020-இல் அந்நிறுவனத்தார் வெளியிட்ட கணக்கு சிந்திக்கத்தக்கது. முழுநேரப் பணியாளர் 13 பேர். ஆண்டுச் செலவு ஏறக்குறைய 33 லட்சத்து 50 ஆயிரம் டாலர். பயன்பெற்ற இணையதளங்கள் ஏறக்குறைய 19 கோடியே 20 லட்சம். வகுத்துப் பாருங்கள்: ஒரு தளத்துக்கு ஆண்டொன்றுக்கு இரண்டு சென்ட்டும் ஆகவில்லை. அந்தச் செலவையும் நன்கொடையாளரும் பெரிய நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டனர். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான டாலர் பெற்ற பொருளின் அடக்கவிலை இவ்வளவே ஆனதைப் பார்க்கும்போது, நாம் இத்தனை நாள் பூட்டுக்கு விலை கொடுத்தோமா, பட்டியலில் இடம் பிடித்தவரின் வாயிலுக்குச் சுங்கம் கொடுத்தோமா என்ற கேள்வி எழாமல் இராது. விசாரணைக்கு ஆள் வேண்டியிருந்த காலத்தில் கட்டணத்துக்கு நியாயம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. பொறி செய்யும் வேலைக்கும் அதே கட்டணம் நீடித்ததையே குறை கூறுகிறேன்.

இதன் பயன் விரைவில் தெரிந்தது. 2018 ஜூலையில் குரோம் உலாவி, பூட்டில்லாத தளங்களைப் 'பாதுகாப்பற்றது' என்று வெளிப்படையாகவே எழுதிக்காட்டத் தொடங்கிற்று. ஏழைத் தளங்களுக்கும் பூட்டு கிடைத்த பின்னரே இப்படிச் செய்வது நியாயமாயிற்று. மறுபுறத்தில், விரிநிலைச் சான்றின் பச்சைச் சிறப்பை உலாவிகள் 2019-இல் முகவரிப் பட்டையிலிருந்து நீக்கிவிட்டன. அதைப் பார்த்து மக்கள் தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்வதாகத் தெரியவில்லை என்பதே காரணம்.

அண்மையில் ஒரு கல்லூரித் தமிழ் மன்றத்து மாணவர்கள், மன்றத்தின் இணையதளத்துக்கு எந்தச் சான்றிதழ் வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார்கள். ஒரு விற்பனையாளர் தந்த பட்டியல் அவர்கள் கையில் இருந்தது. அதில் மூன்று வகை, மூன்று விலை. உயர்ந்த விலைக்கு எதிரே 'முழுப் பாதுகாப்பு' என்ற சொல். மன்றத்தின் ஆண்டுச் சந்தாவில் பாதி அதற்கே போய்விடும். நான் அவர்களிடம் நான்கு கேள்விகள் கேட்டேன்.

உங்கள் தளம் எதைச் செய்கிறது? கட்டுரைகளை வெளியிடுவதும் உறுப்பினர் பெயர்களைப் பதிவதும் மட்டுமானால், முகவரிச் சான்று போதும். அது இலவசமாகவே கிடைக்கும். தளத்துக்கு இடம் தரும் நிறுவனம் இலவசச் சான்றிதழைத் தானே பொருத்திப் புதுப்பித்துத் தருகிறதா? தருமானால் வேறெதுவும் வாங்க வேண்டாம். தராவிட்டால், சான்றிதழை மாற்றுவதைவிட இடத்தை மாற்றுவதே மேல். நிறுவனத்தின் பெயர் சான்றிதழில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தமோ சட்டமோ கேட்கிறதா? கேட்டால் மட்டும் இரண்டாம், மூன்றாம் வகைக்குப் பொருள் கொடுங்கள். ஒரே முகவரியின் கீழ்ப் பல கிளைத் தளங்கள் உண்டா? அதற்கும் 2018 மார்ச் முதல் இலவச வழி இருக்கிறது. விற்பனையாளர் கூறும் காப்புத்தொகையைக் கண்டு மயங்க வேண்டாம் என்றும் சொன்னேன். அது பொதுவாகத் தவறாக வழங்கிய சான்றிதழை நம்பி ஏமாந்தவருக்கு உரியதே அன்றி, உங்கள் தளம் களவுபோனால் கைகொடுப்பது அன்று.

மன்றத்தார் சந்தாப் பணத்தைப் புத்தகம் வாங்கச் செலவிட்டார்கள். அதே பூட்டு அவர்கள் தளத்திலும் இருக்கிறது.

புதுப்பித்தலைப் பற்றியும் ஒரு சொல். ஒரு காலத்தில் சான்றிதழ்கள் பல ஆண்டுகளுக்குச் செல்லுபடியாயின. 2020 செப்டம்பர் முதல் அந்த எல்லை 398 நாளாயிற்று. சான்றளிப்போரும் உலாவி நிறுவனங்களும் கூடிய மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, அது 2026 மார்ச்சில் 200 நாளாகவும், 2027 மார்ச்சில் 100 நாளாகவும், 2029 மார்ச்சில் 47 நாளாகவும் குறையும். திறவுகோல் களவுபோனாலும் களவு நெடுநாள் பயன்படக்கூடாது என்பதே நோக்கம். ஆகவே கையால் வாங்கிக் கையால் பொருத்தும் முறைக்கு இனி எதிர்காலம் இல்லை. தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டா என்பதே விலையைவிட முதன்மையான கேள்வி.

முடிவாக, எடைக்கல்லின் முத்திரையை மீண்டும் நினைவூட்டுகிறேன். முத்திரை கல்லின் எடைக்குத்தான் சான்று. அரிசியில் கல் கலந்திருக்கிறதா என்பதற்குச் சான்று அன்று. அதுபோலவே பூட்டும், நீங்கள் பேசுவது அந்த முகவரியோடுதான், இடையில் எவரும் கேட்கவில்லை என்பதை மட்டுமே உறுதி செய்கிறது. முகவரிக்கு உரியவர் நல்லவரா என்பதை அது கூறாது. வஞ்சகரும் தம் தளத்துக்கு முறையாகச் சான்றிதழ் பெறலாம், பெறுகிறார்கள். வங்கியின் பெயரில் ஓரெழுத்தை மாற்றி அமைத்த போலித் தளத்திலும் பூட்டு இருக்கும். பூட்டின் பொருள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதால்தான் குரோம் உலாவி 2023-இல் அந்தப் படத்தையே முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டு வேறொரு குறியை வைத்தது.

ஆதலால் மாணவர்களே, பூட்டை இலவசமாகப் பெறுங்கள். பெற்றதைத் தவறாமல் புதுப்பியுங்கள். முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். முதலிரண்டையும் பொறி செய்துவிடும். மூன்றாவதை நீங்கள்தான் செய்ய வேண்டும்.